டயர் சூடாக வேண்டும், வெந்துவிடக் கூடாது

டிராக்கில் ஓட்ட டயர் தேடுகிறவர்களில் பாதிப் பேர் மனதுக்குள் இரண்டு முடிவோடுதான் கடைக்கு வருகிறார்கள். அகலம் கூடினால் பிடிப்பு கூடும் என்பது ஒன்று. ரப்பர் எவ்வளவு சாஃப்டோ அவ்வளவு நல்லது என்பது இன்னொன்று. ஆயிரம் சிசி பைக்குக்கு இதில் கொஞ்சம் நியாயம் உண்டு. சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் உள்ள மெட்ராஸ் டிராக்கிலும் கோவை செட்டிப்பாளையத்திலும் வார இறுதிகளில் ஓடுகிற 150, 200, 300 சிசி பைக்குகளுக்கு இந்த இரண்டும் காசையும் வீணாக்கும், ஆளையும் கீழே தள்ளும்.

கடையில் கேட்க வேண்டிய கேள்வி வேறு. என் பைக்கால் இந்த டயரைச் சூடாக்க முடியுமா? சூடான பிறகு இந்த டயர் அந்தச் சூட்டைத் தாங்குமா? மற்றதெல்லாம் இந்த இரண்டுக்குள் அடங்கிவிடும்.

ரப்பர் தார்ச்சாலையைப் பிடிப்பதற்கு இரண்டு வழி. ஜல்லியின் மேடுபள்ளங்களுக்குள் அமுங்கி உட்கார்ந்து பிடிக்கிறது; பரப்போடு பரப்பாக ஒட்டியும் பிடிக்கிறது. இரண்டுக்கும் ரப்பர் இளகியிருக்க வேண்டும், இளகுவதற்குச் சூடு வேண்டும். அந்தச் சூட்டைத் தரையிலிருந்து கொஞ்சம்தான் டயர் வாங்கிக்கொள்கிறது. பெரும்பகுதி டயரின் உடம்பு நசுங்கி விரிவதில் பிறக்கிறது: பிரேக் பிடிக்கும்போது முன்டயர், த்ராட்டில் திறக்கும்போது பின்டயர், வளைவில் இரண்டும். 18 குதிரைத்திறனும் 140 கிலோ எடையும் உள்ள பைக் ஒரு டயரை நசுக்குவதற்கும், 200 குதிரைத்திறனுள்ள பைக் நசுக்குவதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். பெரிய பைக்குக்காகச் செய்த கெட்டியான உடம்புள்ள ரேஸ் டயரைச் சின்ன பைக்கில் மாட்டினால் மேல்தோல் மட்டும் சூடாகும், உள்ளே குளிர்ந்தே கிடக்கும். கோடே இல்லாத ஸ்லிக் டயர் போட்டும் வழுக்குகிறதே என்று ஆச்சரியப்படுகிறவர்களின் பைக்கில் பெரும்பாலும் நடப்பது இதுதான்.

மறுபக்கமும் உண்டு. 2013-ல் ஆஸ்திரேலியாவின் ஃபிலிப் ஐலண்டில் புதிதாகத் தார் போட்டிருந்தார்கள். புதுத் தாரின் பிடிப்பு எதிர்பார்த்ததைவிட அதிகம். பிடிப்பு கூடியதால் சூடும் கூடி, டயர்கள் கொப்புளித்தன. உலகின் உச்ச பைக் பந்தயமான மோட்டோஜிபி அங்கே நடந்தபோது அதை 19 சுற்றாகக் குறைத்து, ஒரு டயரில் 10 சுற்றுக்கு மேல் ஓடக் கூடாது, நடுவில் பைக்கை மாற்றியே ஆக வேண்டும் என்று விதி போட்டார்கள். ஒரு சுற்று தாமதமாகப் பிட்டுக்கு, அதாவது பைக்கை மாற்றும் இடத்துக்கு, வந்த ஓட்டுநர் மார்க் மார்க்கேஸ் தகுதி இழந்தார். டயர் நிறுவனத்தின் பொறியாளர்கள் பக்கத்திலேயே இருக்கும் பந்தயத்துக்கே இந்தக் கதி. சென்னையில் மே மாத மதியம் இரண்டு மணிக்கு டிராக்கில் கால் வைக்க முடியாத சூடு இருக்கும்போது, ரப்பருக்கு என்ன ஆகும் என்று நாம்தான் யோசித்தாக வேண்டும்.

முதலில் டயரின் பக்கவாட்டில் உள்ள எழுத்தைப் படிக்கப் பழகுங்கள். ‘140/70 ஆர்17 66எச்’ என்றிருந்தால், 140 மில்லிமீட்டர் அகலம். அந்த அகலத்தில் 70 சதவீதம், அதாவது 98 மில்லிமீட்டர், பக்கச் சுவரின் உயரம். ‘ஆர்’ என்றால் ரேடியல், அதாவது உள்ளே உள்ள நூல்கள் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு நேராக ஓடும் டயர். 17 அங்குல ரிம். 66 என்பது 300 கிலோ வரை தாங்கும் என்பதற்கான குறியீடு. ‘எச்’ என்றால் மணிக்கு 210 கிலோமீட்டர் வரை. ‘பி’ (P) 150, ‘எஸ்’ 180, ‘வி’ 240, ‘டபிள்யூ’ 270. வேக எழுத்து பைக்கின் உச்ச வேகத்துக்குக் கீழே இருக்கும் டயரை டிராக்குக்குக் கொண்டுவரவே கூடாது. ‘ஆர்’ இல்லாமல் சிறு கோடு மட்டும் இருந்தால் அது பயாஸ் டயர், நூல்கள் சாய்வாகக் குறுக்கே ஓடுவது. கம்பெனியே முன்னால் பயாஸும் பின்னால் ரேடியலும் கொடுத்திருந்தால் அப்படியே ஓட்டலாம். யமஹா ஆர்15-இன் மூன்றாம் பதிப்பு அப்படித்தான் வந்தது. முன்னால் ரேடியல், பின்னால் பயாஸ் என்று நாமாக மாற்றிக்கொள்வது ஆபத்து. பின்பக்கம் ஒரு மாதிரியும் முன்பக்கம் ஒரு மாதிரியும் நெளியும், வேகமான வளைவில் பைக் எந்தப் பக்கம் பேசுகிறது என்றே புரியாது.

இனி அகலம். உலகத்தின் மிக வேகமான 250 சிசி ரேஸ் பைக்குகள் மோட்டோஜிபியோடு நடக்கும் சின்ன வகுப்பான மோட்டோ3-ல் ஓடுகின்றன. நீண்ட நேர்பாதையில் மணிக்கு 240 கிலோமீட்டரைத் தாண்டும் அந்த பைக்குகளுக்கு 2023 வரை டன்லப் கொடுத்த டயர் முன்னால் 95/75, பின்னால் 115/75. நம்ம ஊர் 160 சிசி பைக்கின் பின்டயரைவிட ஒல்லி! அங்கே யாருக்கும் அகல டயர் கிடைக்காமல் இல்லை. சின்ன பைக் நேரத்தைச் சம்பாதிப்பது வளைவுக்குள் கொண்டுபோகும் வேகத்தில். அதற்குப் பைக் சட்டென்று சாய வேண்டும், சட்டென்று நிமிர வேண்டும். அகல டயர் எடையைக் கூட்டுகிறது, சாய்வதை மந்தமாக்குகிறது. அதோடு, டயர் அகலமாக ஆக, சாய்ந்த நிலையில் தரையைத் தொடும் இடம் நடுக்கோட்டிலிருந்து விலகிப் போகிறது. அதே வளைவை அதே வேகத்தில் எடுக்க இன்னும் கொஞ்சம் கூடுதலாகச் சாய வேண்டியிருக்கும்.

ரிம் கதை இதைவிட முக்கியம். ரிம்மின் ஆரத்திலோ விளிம்பின் உள்பக்கத்திலோ ‘எம்டி’ என்ற எழுத்தோடு அதன் அகலம் அங்குலத்தில் பொறித்திருக்கும். 3.5 அங்குல ரிம்முக்கு 140/70 சரி. 4 அங்குல ரிம் உள்ள கேடிஎம் 390-க்கு 150/60 சரி. குறுகிய ரிம்மில் 150-ஐயோ 160-ஐயோ திணித்தால் பக்கச் சுவர்கள் உள்ளே இழுபட்டு, டயரின் முதுகு கூராக எழும்பிவிடும். பார்க்கக் குண்டாக இருக்கும். ஆனால் முழுச் சாய்வில் விளிம்பு ரப்பர் தரையையே தொடாது. அப்படிப்பட்ட டயரில் ஒரு நாள் முழுக்க முட்டி தேய்த்து ஓட்டிய பிறகும் ஓரத்தில் ஒரு விரற்கடை பளபளப்பாக, புதிதாகவே நிற்கும். ஓட்டுநர் சாய்க்கப் பயந்துவிட்டார் என்று பேடாக்கில், அதாவது பைக்குகளை நிறுத்தி வேலை பார்க்கும் இடத்தில், பேசுவார்கள். குற்றம் அவருடையது அல்ல.

விட்டத்தையும் கணக்குப் போடுங்கள். 140/70-க்குப் பதில் 150/60 போடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 17 அங்குலம் என்பது 431.8 மில்லிமீட்டர். அதோடு இரண்டு பக்கச் சுவர்களைச் சேர்த்தால் முதலாவது 627.8, இரண்டாவது 611.8. ஆக, பைக்கின் பின்பக்கம் 8 மில்லிமீட்டர் இறங்குகிறது. முன்ஃபோர்க் அவ்வளவுக்கு மல்லாந்து படுக்கும், வளைவுக்குள் நுழையும்போது பைக் முரண்டு பிடிக்கும். டயரின் சுற்றளவும் 1972-லிருந்து 1922 ஆகக் குறைகிறது. 2.5 சதவீதம். பின் ஸ்ப்ராக்கெட்டில் ஏறக்குறைய ஒரு பல் கூட்டியதற்குச் சமம். நேர்பாதையின் முடிவில் பைக் முன்பைவிடச் சீக்கிரம், எஞ்சின் சுழற்சிக்கு எல்லை போடும் ரெவ் லிமிட்டரை முட்டும். டயரை மாற்றியதும் பைக் ஸ்லோ ஆகிவிட்டது என்று எஞ்சினைப் பிரிப்பவர்கள் முதலில் இதைப் பார்க்க வேண்டும். ஃபோர்க்கைக் கவ்வியில் சில மில்லிமீட்டர் மேலே ஏற்றி, ஸ்ப்ராக்கெட்டை ஒரு பல் குறைத்தால் பழைய நடை வந்துவிடும். அளவை மாற்றாமலே இருந்தால் இந்த வேலையே இல்லை.

எங்கள் கணிப்பில், முதல் பத்து டிராக் நாட்களுக்குக் கம்பெனி கொடுத்த அதே அளவில் ஒரு நல்ல ஸ்போர்ட் ரேடியல் போதும்.

அடுத்தது டயரின் வகை. சாலைக்கும் டிராக்குக்கும் நடுவில் நான்கு படி இருக்கிறது. முதல் படியில் சாதாரண சாலை டயர்: ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் உழைக்கும், சீக்கிரம் சூடாகும், கடுமையாக ஓட்டினால் ஐந்தாறு சுற்றில் வழவழத்துவிடும். இரண்டாவது, ஸ்போர்ட் ரேடியல்: பிரெல்லி டியாப்லோ ரோஸோ வரிசை, மெட்ஸெலர் எம்9ஆர்ஆர், டன்லப் ஆல்ஃபா வரிசை, டிவிஎஸ் யூரோகிரிப் புரோடார்க் எக்ஸ்ட்ரீம் போன்றவை. மூன்றாவது, சாலை அனுமதி முத்திரையோடு வரும் ரேஸ் டயர்: பிரெல்லி சூப்பர்கோர்ஸா மாதிரி, கோடுகள் மிகக் குறைவாக இருக்கும். நான்காவது ஸ்லிக்.

150-லிருந்து 200 சிசி வரை இரண்டாம் படியைத் தாண்ட வேண்டிய தேவையே இல்லை. 15 நிமிட செஷனில் மெட்ராஸ் டிராக்கை ஆறேழு முறை சுற்றுவீர்கள். ஒரு சுற்று 3.717 கிலோமீட்டர். மூன்றாம் படி டயர் அந்த எடையிலும் வேகத்திலும் சூடாகி முடிப்பதற்குள் செஷனே முடிந்துவிடும். 300, 390 வகுப்பில் நிலைமை மாறுகிறது. வேகமான ஓட்டுநர் கையில் ஸ்போர்ட் ரேடியல் நான்காவது சுற்றிலிருந்து நெளியத் தொடங்கும். அவருக்கு மூன்றாம் படி நியாயம். அவரே வார்மர் இல்லாமல் அதைப் போட்டுக்கொண்டு, பிட்டை விட்டு வெளியே வந்த முதல் சுற்றிலேயே முட்டியை வைக்கப் பார்த்தால் விழுவார். டயர் வார்மர் என்பது 80 டிகிரியில் முக்கால் மணி நேரமாவது சுற்றி வைக்க வேண்டிய போர்வை. ரப்பர் சூடானால் போதாது, ரிம்மும் உள்ளே உள்ள காற்றும் சேர்ந்து சூடாக வேண்டும். அதற்குப் பேடாக்கில் மின்சாரம் கிடைக்குமா, ஜெனரேட்டர் கொண்டுபோக வேண்டுமா என்று முன்கூட்டியே விசாரித்துவிட்டு டயரை வாங்குங்கள்.

காம்பவுண்ட், அதாவது ரப்பர் கலவை, விஷயத்தில் ஒரு தவறான எண்ணம் ஆழமாக வேரூன்றியிருக்கிறது: வெயில் அடித்தால் ஹார்ட், குளிர்ந்தால் சாஃப்ட் என்பது. பிரெல்லியின் ரேஸ் வரிசையில் எஸ்சி0 சாஃப்ட், எஸ்சி1 அதைவிடக் கொஞ்சம் கெட்டி, எஸ்சி2 மீடியம், எஸ்சி3 ஹார்ட். பின்சக்கரத்துக்கு எஸ்சி0-ஐ அவர்கள் சொல்வது சூடான, வழவழப்பான டிராக்குக்கு. குளிர்ந்த நாளுக்கும் சொரசொரப்பான தாருக்கும் எஸ்சி2. காரணம் எளிது. குளிர்ந்த, சொரசொரப்பான தாரில் சாஃப்ட் ரப்பர் இளகுவதற்கு முன்பே கிழியும். ஆகவே வானிலையோடு தாரின் முகத்தையும் பார்க்க வேண்டும். டிராக்கில் நடக்க அனுமதி கிடைத்தால் குனிந்து உள்ளங்கையால் தடவிப் பாருங்கள். ஜல்லி முனை உறுத்தினால் ஒரு படி கெட்டியான ரப்பர்.

போட்டியில் இறங்குகிறவர்களுக்கு இந்தத் தேர்வில் பாதி கையில் இருக்காது. ஒரே மாதிரி பைக்குகள் ஓடும் ஒன்-மேக் பந்தயங்களில் டயரையும் அமைப்பாளர்களே முடிவு செய்துவிடுவார்கள். விதிப்புத்தகத்தைப் படித்துவிட்டு, பயிற்சிக்கும் அதே டயரை வாங்குவதுதான் புத்திசாலித்தனம். வேறு டயரில் பழகிய உடம்பு, பந்தய நாளில் பிரேக் புள்ளியைத் தவறவிடும்.

இப்போது காற்று. டயர் தேர்வில் கால்வாசிதான் கடையில் நடக்கிறது. மிச்சம் பிட்டில், அழுத்தமானியைக் கையில் பிடித்தபடி நடக்கிறது. விரியும் வேகத்தையும் (ரீபவுண்ட்) அமுங்கும் வேகத்தையும் (கம்ப்ரெஷன்) திருகி மாற்ற முடியாத சஸ்பென்ஷனோடு வரும் நம்ம ஊர் சின்ன பைக்குகளுக்குக் காற்று ஒன்றுதான் திருகாணி.

நல்ல டிஜிட்டல் மானி ஒன்று வாங்குங்கள், எப்போதும் அதையே பயன்படுத்துங்கள். இரண்டு மானிகள் ஒரே எண்ணைக் காட்டுவது அபூர்வம். எண் சரியா என்பதைவிட, நேற்றைய எண்ணும் இன்றைய எண்ணும் ஒரே மானியில் எடுத்ததா என்பதே முக்கியம். பெட்ரோல் பங்க் கம்ப்ரஸர்களில் தண்ணீர் தேங்கியிருக்கும். அந்த ஈரக் காற்று டயருக்குள் போய்ச் சூட்டில் ஆவியானால் அழுத்தம் கணக்கில்லாமல் ஏறும். காலால் மிதிக்கும் பம்ப்பே மேல்.

ஸ்போர்ட் ரேடியல் போட்ட 150–200 சிசி பைக்குக்குக் காலையில், குளிர்ந்த டயரில், முன்னால் 28, பின்னால் 28 பிஎஸ்ஐ வைத்துத் தொடங்குங்கள். 390 என்றால் முன்னால் 30, பின்னால் 29. ஐந்து சுற்று உங்கள் முழு வேகத்தில் ஓட்டிவிட்டு வாருங்கள். பைக்கை ஸ்டாண்டில் ஏற்றியதும், ஹெல்மெட்டைக் கழற்றுவதற்கு முன்பே, யாராவது ஒருவர் மானியை வைத்துவிட வேண்டும். இரண்டு மூன்று நிமிடம் கழித்து எடுக்கும் எண்ணுக்கு மதிப்பில்லை. சூடான அழுத்தம் 31-லிருந்து 33-க்குள் இருந்தால் சரியான இடத்தில் இருக்கிறீர்கள்.

எவ்வளவு ஏறியது என்பதுதான் டயர் உங்களுக்குச் சொல்லும் செய்தி. மூன்றிலிருந்து நான்கு பிஎஸ்ஐ ஏறினால் டயரும் பைக்கும் ஓட்டுநரும் பொருந்திப் போகிறார்கள். ஆறு ஏறினால் டயர் அளவுக்கு மீறி நெளிகிறது. அடுத்த செஷனுக்குத் தொடக்க அழுத்தத்தை ஒன்று கூட்டிப் பாருங்கள். அப்படியும் அடங்கவில்லை என்றால் இந்த டயர் உங்கள் வேகத்துக்குப் போதாது, மேல்படிக்குப் போக வேண்டும். ஒன்று, ஒன்றரைதான் ஏறியது என்றால் டயர் வேலையே செய்யவில்லை. ஒரு பிஎஸ்ஐ குறைத்துப் பாருங்கள். அப்போதும் அப்படியே இருந்தால் அந்த டயர் உங்கள் பைக்குக்கு மிகக் கெட்டி, கீழ்ப்படிக்கு இறங்குவதுதான் சரி. பணம் கொடுத்து வாங்கிய டயரை இறக்க மனசு வராது. ஆனால் சூடாகாத விலையுயர்ந்த டயரைவிடச் சூடாகும் மலிவான டயர் நிச்சயமாகப் பாதுகாப்பானது.

ஒரு முறைக்கு ஒரு பிஎஸ்ஐ, ஒரு முறைக்கு ஒரு சக்கரம். இரண்டையும் சேர்த்து மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது.

காலை எட்டு மணிக்கு 27 டிகிரியில் பிடித்த காற்று, மதியம் 38 டிகிரியில், பைக் நகராமலே ஒன்றரை பிஎஸ்ஐக்கு மேல் ஏறியிருக்கும். ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஏறக்குறைய 1.5 பிஎஸ்ஐ என்று மனதில் வையுங்கள். அதனால்தான் காலையில் ‘செட்’ பண்ணிய பைக் மதியம் முன்பக்கம் தத்தளிக்கிறது. மதிய உணவுக்குப் பிறகு, நிழலில் வைத்த டயரில் மறுபடி அளந்து காற்றை இறக்கிவிட்டுத்தான் வெளியே போக வேண்டும். வெயிலில் ஒரு பக்கமாக நிறுத்திய பைக்கில் எடுக்கும் எண் பொய் சொல்லும். டயர்மேல் ஈரமில்லாத சாக்கையோ துணியையோ போட்டு வையுங்கள்.

கூட்டமாக ஓடும்போது இன்னொரு விஷயம் சேர்கிறது. முன்னால் போகும் பைக்கின் எஞ்சின் சூடு பின்னால் வருபவரின் முன்டயர்மேல் அடிக்கிறது, குளிர்ந்த காற்றும் கிடைப்பதில்லை, முன்டயரின் அழுத்தம் ஏறுகிறது. மோட்டோஜிபியில் 2024 முதல் முன்டயருக்குக் குறைந்தபட்ச அழுத்தம் 1.8 பார், அதாவது 26 பிஎஸ்ஐ. 2025 மார்ச்சில் தாய்லாந்துப் பந்தயத்தில் முதலில் போய்க்கொண்டிருந்த மார்க் மார்க்கேஸ் வேண்டுமென்றே தம்பி அலெக்ஸை முன்னே விட்டு, அவர் பின்னாலேயே சுற்றுக்கணக்கில் ஒட்டிக்கொண்டு, அழுத்தத்தை ஏற்றிக்கொண்ட பிறகுதான் மறுபடி முந்தினார். நமக்கு இதிலிருந்து கிடைப்பது: தனியாகப் பயிற்சி செய்து சரிபார்த்த முன்டயர் அழுத்தத்தைப் பந்தயத்துக்கு அப்படியே கொண்டுபோகாதீர்கள். கூட்டத்துக்குள் ஓடப் போகிறீர்கள் என்றால் அரை பிஎஸ்ஐ, ஒரு பிஎஸ்ஐ குறைத்து வையுங்கள்.

அளந்து முடித்ததும் ரப்பரின் முகத்தைப் பாருங்கள். பைக்கை ஸ்டாண்டில் ஏற்றிப் பின்சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்றுங்கள். மெட்ராஸ் டிராக் கடிகாரச் சுற்றில் ஓடுவது, ஆகவே டயரின் வலது தோள்பட்டை, அதாவது வலது ஓரம், அதிகம் உழைத்திருக்கும். அங்கே முதலில் பாருங்கள். நன்றாக வேலை செய்த டயரின் தோல் மங்கலான கறுப்பில், நைஸ் உப்புத்தாள் போல் ஒரே சீராகச் சொரசொரக்கும். விளிம்பில் மிளகளவு ரப்பர் உருண்டைகள் ஒட்டியிருக்கலாம். மெதுவாக ஓட்டிய கடைசிச் சுற்றில் டிராக்கிலிருந்து பொறுக்கியவை அவை, தேய்மானம் இல்லை; நகத்தால் கிள்ளினால் வந்துவிடும். அடியில் உள்ளதுதான் உண்மையான தோல்.

அந்தத் தோல் வெல்லப்பாகு இழுத்ததைப் போல் மேலோட்டமாக இழுபட்டு, எண்ணெய் தடவியதுபோல் நீலம் பாய்ந்து மின்னினால் டயர் வெந்துவிட்டது. காற்று குறைவாக இருந்து அதிகம் நெளிந்திருக்கலாம், அல்லது வளைவு முடிவதற்குள் த்ராட்டிலை முறுக்கிப் பின்சக்கரத்தைச் சுழலவிட்டிருக்கலாம், அல்லது ரப்பர் அந்த வேகத்துக்கு மிகவும் சாஃப்ட். மாறாக, கிழிசல் ஆழமாக, விளிம்பு கூராக, ரப்பரைத் துண்டுதுண்டாகப் பெயர்த்தெடுத்தது போல் இருந்தால் அது குளிர்ந்த கிழிசல். வெளியே முறுகி உள்ளே மாவாக இருக்கும் அடைபோல, தோல் சூடாகி உடம்பு குளிர்ந்து கிடந்ததன் அடையாளம். காற்று அதிகம், அல்லது டயர் அந்த பைக்குக்குக் கெட்டி, அல்லது சூடாக்காமலே அவசரப்பட்டிருக்கிறீர்கள். இரண்டையும் குழப்பிக்கொண்டு எதிர்த் திசையில் காற்றை மாற்றினால் அடுத்த செஷனில் கிழிசல் இரட்டிப்பாகும். சந்தேகமாக இருந்தால் மானியில் எவ்வளவு ஏறியது என்பதோடு சேர்த்துப் பாருங்கள். வெந்த டயரில் ஏற்றம் அதிகம் இருக்கும், குளிர்ந்ததில் குறைவாக இருக்கும்.

கொப்புளமோ, கொப்புளம் வெடித்த குழியோ தெரிந்தால் அந்த டயரின் கதை அதோடு முடிந்தது. இன்னொரு செஷன் தாங்கும் என்று பேரம் பேச வேண்டாம்.

இடது பக்கத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. கடிகாரச் சுற்று டிராக்கில் இடது தோள்பட்டை நெடுநேரம் சும்மா இருந்து குளிர்ந்துபோகும். ஜெர்மனியின் ஸாக்ஸன்ரிங்கில் இதே சிக்கல் தலைகீழாக: தொடர்ந்து ஏழு இடது வளைவுகள், அதன்பின் பதினொன்றாவது வளைவு வேகமான வலது. உலகத்தின் மிகத் தேர்ந்த ஓட்டுநர்கள் ஆண்டுதோறும் அங்கே முன்டயர் வழுக்கி விழுகிறார்கள். வலதில் கிடைத்த பிடிப்பை நம்பி, பிட்டிலிருந்து வந்த முதல் இரண்டு சுற்றில் இடது வளைவுக்குள் அதே சாய்வோடு போகாதீர்கள். நடுவில் கெட்டியும் ஓரத்தில் சாஃப்டுமாக இரட்டைக் காம்பவுண்டில் வரும் டயர்களும் இந்தக் குளிரைப் போக்காது.

பழைய டயர் வாங்குவதில் தப்பில்லை, பார்த்து வாங்க வேண்டும். பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். ரேஸ் டயர் ஒவ்வொரு முறை முழுச் சூடேறி ஆறும்போதும் கொஞ்சம் கெட்டிப்படுகிறது. கோடு ஆழமாக இருக்கிறது, நீலம் இல்லை என்பதால் மட்டும் அது உயிரோடு இருக்கிறது என்று அர்த்தமில்லை. கட்டைவிரல் நகத்தைத் தோள்பட்டையில் அழுத்துங்கள். பள்ளம் விழுந்து மெல்ல நிமிர வேண்டும். நகம் வழுக்கினால் வேண்டாம். பஞ்சருக்குக் குச்சி செருகிய டயர் சாலைக்குப் போகட்டும், டிராக்குக்கு வேண்டாம். அந்தச் சூட்டிலும் நெளிவிலும் குச்சி கழன்று வெளியே வரும். டியூப்லெஸ் டயருக்குள் டியூப் போட்டுச் சமாளிப்பதும் அப்படியே.

காசு ஒரு டயருக்குத்தான் இருக்கிறது என்றால் முன்டயரை வாங்குங்கள். பின்பக்கம் வழுக்கினால் பெரும்பாலும் சொல்லிவிட்டு வழுக்கும், த்ராட்டிலை நிதானமாகக் குறைத்துக் காப்பாற்றலாம். முன்பக்கம் போனால் போனதுதான். ஆனால் பின்டயர் அதே வகையில், ரொம்பத் தேயாமல் இருந்தால் மட்டும். நடுவில் தட்டையாகத் தேய்ந்த பின்டயரோடு புது முன்டயர் சேராது.

மாட்டும் கடையில் கவனிக்க வேண்டியவை சில. சுழலும் திசைக்கான அம்பு. மஞ்சள் புள்ளி இருந்தால் அது வால்வுக்கு நேராக. டயரின் உள்விளிம்பான பீட் ரிம்மில் உட்கார சோப்புத் தண்ணீர். பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் உச்ச அழுத்தத்தைத் தாண்டிக் காற்று ஏற்றக் கூடாது. ரப்பர் வாஷர் உள்ள உலோக வால்வு மூடி. பேலன்ஸ் எடைகள்மேல் டேப். புது டயரின் தோல் வழவழப்பானது. முதல் இரண்டு மூன்று சுற்றுகளில் சாய்வைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, நடுவிலிருந்து ஓரத்துக்குச் சொரசொரப்பைப் பரப்புங்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தாலும் சூடு வராது.

மழை வந்தால் சின்ன பைக்குக்குத் தனி மழை டயர் தேடி அலைய வேண்டாம், ஸ்போர்ட் ரேடியலின் கோடுகளே தண்ணீரை வெளியேற்றும். காற்றை இறக்காதீர்கள். டயர் நசுங்கினால் கோடுகளும் சேர்ந்து மூடிக்கொள்ளும், தண்ணீர் போக வழி இருக்காது. ஒரு பிஎஸ்ஐ கூட்டுவதே நல்லது. ஸ்லிக்கோ, கோடு குறைந்த ரேஸ் டயரோ போட்டிருந்தால் பைக்கைக் கூடாரத்துக்குள் தள்ளிவிட்டு உட்காருங்கள்.

நாற்பது பக்க நோட்டு ஒன்றைப் பேடாக் பெட்டியில் போட்டு வையுங்கள். ஒவ்வொரு செஷனுக்கும் ஒரு வரி: நேரம், வெயிலா மேகமா, குளிர்ந்த அழுத்தம் முன் பின், சூடான அழுத்தம் முன் பின், சுற்று எத்தனை, தோல் எப்படி. ‘மதியம் 2.20, வெயில், 28/28, 33.5/34.5, ஆறு சுற்று, வலது பின் தோளில் நீலம்’ என்று எழுதியிருந்தால், அடுத்த செஷனுக்குப் பின்சக்கரத்தில் மட்டும் ஒரு பிஎஸ்ஐ கூட்டி 29-ல் தொடங்கிப் பார்க்க வேண்டும். ஏற்றம் ஐந்துக்குக் கீழே இறங்கி நீலமும் மறைந்தால் டயர் சரி, காற்றுதான் தவறு. நீலம் அப்படியே நின்றால் அடுத்த முறை கடையில் எந்தப் படியைக் கேட்க வேண்டும் என்பது அந்த வரியிலேயே இருக்கிறது.